கீழே பார்த்து எடுக்கும் படங்கள்

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் எல்லோருக்கும் அவள் படக்காரம்மா. யாரென்றே தெரியாமல் வந்து சேரும் உடல்களைப் படமெடுத்து, எண் போட்டு, ஆல்பத்தில் ஒட்டி வைப்பது அவள் வேலை. சாலையில் அடிபட்டவர்கள், பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டவர்கள், சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாதவர்கள். வீட்டில் ஆளைக் காணோம் என்று தேடி வருகிறவர்களை நேரே குளிர் அறைக்குள் விட்டுவிட மாட்டார்கள். முதலில் ஆல்பம். அதில் அடையாளம் தெரிந்தால்தான் உள்ளே.

பதினோரு வருடமாக இந்த வேலை. ஆஸ்பத்திரி கொடுத்த டிஜிட்டல் கேமரா, பட்டனை அழுத்தினால் அதன் தலையில் துள்ளி எழும் சின்ன ஃபிளாஷ், ஒரு பிரிண்டர், ஒரு மேசை. துணைக்கு ஒரே ஓர் ஊழியர். எதைச் சொன்னாலும் "ஆச்சு, ஆச்சு" என்பார். அதனால் அவரை எல்லோரும் ஆச்சு என்றே கூப்பிட்டார்கள். உடலைக் கொண்டுவந்து கிடத்துவது, முகத்தைத் துடைத்துத் தலை வாரிவிடுவது எல்லாம் அவர் பாடு. முக்காலியில் ஏறி நின்று, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து நாலு படம் எடுப்பது இவள் பாடு. ஐந்து நிமிட வேலை. அதில் ஒரு குறை இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியதில்லை, அந்தத் தையல்காரி இரண்டாம் முறை வரும்வரை.

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற பெண் அவள். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் முறை அண்ணனைத் தேடி வந்திருந்தாள். அண்ணன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். வேலை கிடைத்த இடத்திலேயே தங்கிவிடுவான், ஆனால் போன் செய்தால் எடுத்துவிடுவான். இந்தத் தடவை எடுக்கவில்லை. ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் பெருமூச்சு விட்டு, "இதுல இல்லீங்க, நல்லவேளை" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் போனாள்.

ஒரு மாதம் கழித்துக் காவல் நிலையக் கடிதத்தோடு திரும்பி வந்தாள். கைரேகை ஒத்துப்போயிருந்தது. அவள் அண்ணன் அந்த ஆல்பத்தில்தான் இருந்தான், ஏழாம் பக்கத்தில். உடலை வைத்திருக்கும் கெடு முடிந்ததும் நகராட்சி ஆட்கள் வந்து, கேட்பாரில்லாத வேறு இருவரோடு சேர்த்து அவனையும் அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள்.

படக்காரம்மா திட்டு விழும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள். தையல்காரி திட்டவில்லை. ஏழாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நானே புரட்டிட்டுப் போயிருக்கேன்," என்றாள். "நல்லவேளைன்னு வேற சொல்லிட்டுப் போனேன்."

"உங்க மேல தப்பில்லம்மா."

"எங்கண்ணன் நல்ல கருப்புங்க. இதுல வெள்ளை வெளேர்னு இருக்கே. இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும், சின்ன வயசுல கதவுல இடிச்சுக்கிட்டது. அதையும் காணோம். ஏங்க இப்படி எடுத்திருக்கீங்க?"

அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள், அவ்வளவுதான். கோபமாகக் கேட்டிருந்தால் படக்காரம்மா ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள்.

தையல்காரி போன பிறகு கணினியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். லென்ஸுக்கு நேர் மேலே இருக்கிற அந்தச் சின்ன ஃபிளாஷ், துடைத்த ஈரம் காயாத தோலில் நேரே போய் அறைந்திருந்தது. நெற்றியும் மூக்கும் கன்னமும் சுண்ணாம்பு பூசியது போல. புருவத்து வெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பளபளப்பு. காதுக்குப் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு நிழல். மற்றப் படங்களையும் திறந்தாள். குளிர் அறையில் இன்னும் பதினான்கு பேர் இருந்தார்கள். பதினான்கு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத் தெரிந்தார்கள். கிழவர் யார், வாலிபன் யார் என்று தலைமுடியை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் கண்காணிப்பாளரிடம் போய், தனியாக மாட்டுகிற நல்ல ஃபிளாஷ் ஒன்று வேண்டும் என்று கேட்டாள்.

"எதுக்கும்மா? நாம என்ன ஸ்டுடியோவா நடத்துறோம்? உங்க படம் நல்லா இல்லைன்னு அதுல இருக்கிறவங்க யாராவது புகார் குடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "மனு எழுதிக் குடுங்க. மேல அனுப்பி வைக்கிறேன்."

மேலே போன மனு எதுவும் கீழே இறங்கி வந்ததாக அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் நினைவில்லை. மனு எழுதிக் கொடுத்தாள். சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று முடிவும் செய்தாள். அவளுக்கு என்ன பெரிய செலவு? இரண்டாம் மாடியில் ஒற்றை அறை, ஓர் அடுப்பு, ஒரு தட்டு, ஒரு தம்ளர். கல்யாண வயதில் வரன் பார்த்தபோதெல்லாம் பேச்சு நன்றாகத்தான் தொடங்கும். பெண்ணுக்கு என்ன வேலை என்ற கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். போகப்போக வரன் வருவதும் நின்றது. இப்போது நாற்பத்தாறு. தங்கை ஒருத்தி, அவள் குடும்பம், அவ்வளவுதான் சொந்தம்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, ஆஸ்பத்திரிக் கேமராவையும் எடுத்துக்கொண்டு கேமராக் கடைக்குப் போனாள். மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் குறுகலான படி ஏறினால் மாடியில் கடை. கடைக்காரர் வாயாடி. படி ஏறி வந்தவளுக்கு முதலில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"என்ன படம் எடுப்பீங்க மேடம்? அதைச் சொன்னீங்கன்னா எந்த ஃபிளாஷுன்னு நான் சொல்லிடுவேன்."

"முகம்."

"முகம்னா? கல்யாணமா, பிறந்தநாளா, பாஸ்போர்ட்டா?"

"படுத்திருப்பாங்க. நான் மேல நின்னு, கேமராவைக் கீழ பார்த்துப் பிடிச்சு எடுப்பேன்."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு நிமிடம் யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"கைக்குழந்தை! அப்படிச் சொல்லுங்க. இப்பல்லாம் நிறையப் பேரு இதையே தொழிலா எடுத்துப் பண்றாங்க. தூங்குறப்பதானே எடுப்பீங்க?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வேலையைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை மலர்ச்சியாக ஒருவர் அவளிடம் பேசி நாளாகியிருந்தது.

"ஆமா," என்றாள். "அசைய மாட்டாங்க."

"கொடுத்து வச்சவங்க நீங்க! நமக்கு வந்து வாய்க்கிறதெல்லாம் ஒரு இடத்துல நிக்காத கூட்டம்."

மூன்று ஃபிளாஷ்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். மூன்றும் அவளுடைய கேமராவில் பொருந்தும். சின்னது கைக்கு அடக்கமாக இருந்தது. அதன் தலையை மேல்நோக்கித் திருப்பலாம், பக்கவாட்டில் திரும்பாது. நடுவில் இருந்தது கொஞ்சம் கனம். அதன் தலை மேலேயும் போனது, பக்கவாட்டில் சுழன்று பின்பக்கமாகவும் திரும்பியது. மூன்றாவது பெரியது. நிறையப் பொத்தான்கள், பெரிய திரை.

"நேரா முகத்துல அடிக்கவே கூடாது மேடம். வெளிச்சத்தைக் கூரையில அடிச்சு, அங்கேருந்து இறங்கி வரவைக்கணும். அப்பதான் முகம் முகமா இருக்கும். கூரை என்ன கலரு?"

"வெள்ளை. தாழ்வாதான் இருக்கும். ஆனா சுவர் முழுக்கப் பச்சை டைல்ஸ்."

"பச்சையா? ஐயையோ. அப்ப இந்தச் சின்னது உங்களுக்கு ஆகவே ஆகாது." கேமராவைக் கையில் வாங்கித் தரையைப் பார்த்துப் பிடித்துக் காட்டினார். "நேரா நின்னு எடுக்கிறவங்களுக்கு இதோட தலை கூரையைப் பார்க்கும். நீங்க குனிஞ்சு பிடிக்கிறீங்களா, உங்களுக்குச் சுவரைப் பார்க்கும். பச்சைச் சுவர்ல பட்டுத் திரும்பினா குழந்தை பச்சையா வரும். பெத்தவங்களே என் குழந்தை இல்லம்பாங்க."

சிரித்தார்.

"கீழ என்ன விரிச்சிருப்பீங்க?"

"வெள்ளைத் துணி. ஓரத்துல கொஞ்சம் ஸ்டீல் தெரியும்."

"ஸ்டீல் தொட்டிலா? அப்ப இந்தப் பெரியதும் யோசிக்கணும். எல்லாத்தையும் தானாவே கணக்குப் பண்ணும், ஆனா வெள்ளையையும் பளபளப்பையும் பார்த்தா ஏமாந்துடும். வெளிச்சம் தாராளமா இருக்குன்னு நினைச்சுக் குறைச்சிடும். முகம் இருட்டிப்போகும். அசையாத ஆளுன்னா நடுவுல இருக்கிறது போதும். வெளிச்சத்தோட அளவைத் தானா விடாம நாமளே கையாலயும் வச்சுக்கலாம். விலையும் பாதி." நடுவில் இருந்ததை அவள் பக்கம் நகர்த்தினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, சின்னதையும் சேர்த்து ஒரு பையில் போட்டார். "நான் சொல்றதை நம்பி வாங்காதீங்க. ரெண்டும் கடையில வச்சிருக்கிற மாதிரிப் பீஸ்தான். எடுத்துட்டுப் போங்க. வீட்டுல யாரையாவது படுக்க வச்சு எடுத்துப் பாருங்க. ஒரு வாரத்துல வந்தா போதும்."

வீட்டில் யாரை? படி இறங்கும்போது அந்தக் கேள்வியும் கூடவே இறங்கியது.

அறைக்கு வந்து முதலில் தலையணையைப் படம் எடுத்தாள். தலையணைக்கு மூக்கும் இல்லை, புருவமும் இல்லை. அடுத்து ஒரு பூசணிக்காயைப் பாயில் கிடத்தி எடுத்தாள். நன்றாகத்தான் வந்தது. பூசணிக்காயை யார் தேடி வரப்போகிறார்கள்? கடைசியில் தானே பாயில் படுத்து, கேமராவை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்து அழுத்தினாள். கனத்தில் கை நடுங்கியது. ஒரு படத்தில் பாதிக் காது, இன்னொன்றில் மோவாய் மட்டும். நாலாவது முறை முகம் முழுதாக விழுந்தது. கண்ணை மூடியிருந்தாள். அந்தப் படம் ஆல்பத்தில் ஒட்ட எடுத்தது போலவே இருந்தது. எண் மட்டும்தான் போடவில்லை. அவசர அவசரமாக அழித்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவினாள்.

சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கையின் வீட்டுக்காரர் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். ஆறு வயது மகள் ஓடி வந்து பையைத் துழாவினாள்.

"பெரியம்மா, இது என்னது? டார்ச் லைட்டா?"

"ஃபிளாஷ். போட்டோ எடுக்கிறப்ப வெளிச்சம் தரும்."

"என்னை எடு, என்னை எடு!"

கேட்டது குழந்தை. கைக்குழந்தை என்று கடைக்காரர் சொன்னது மனதில் இருந்ததோ என்னவோ, படக்காரம்மாவும் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "அப்படியே படுத்துக்கோ. பெரியம்மா மேல நின்னு எடுக்கிறேன்."

குழந்தை தரையில் நீட்டிப் படுத்து, கையை இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். படக்காரம்மா நாற்காலியில் ஏறி, ஃபிளாஷின் தலையைக் கூரைக்குத் திருப்பினாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தங்கையின் கையில் இருந்த கரண்டி தரையில் விழுந்தது.

"எழுந்திருடி! எழுந்திருன்னு சொல்றேன்ல!"

குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். குழந்தை ஒன்றும் புரியாமல் விழித்தது.

"ஒரே ஒரு படம்தான்," என்றாள் படக்காரம்மா, நாற்காலியில் நின்றபடியே. "ஃபிளாஷ் சரியா இருக்கான்னு பார்க்கத்தான்…"

"உன் வேலையைப் பத்தி நான் என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனாக்கா? சொன்னதில்ல. ஆனா அந்தக் கேமரா முன்னாடி என் பிள்ளை கண்ணை மூடிப் படுக்கக் கூடாது. வேணாம்."

"இது ஆஸ்பத்திரிக் கேமராதான், ஆனா நான் துடைச்சுதான்…" என்று தொடங்கி, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டாள். தங்கையின் வீட்டுக்காரர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். படத்துக்குப் படுக்கச் சொல்லி அவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்திருந்தாள். கேட்கவில்லை.

"சாப்பிட்டுப் போக்கா," என்றாள் தங்கை, கரண்டியை எடுத்துக்கொண்டே. குரல் இறங்கியிருந்தது. பசியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கைமேல் கோபப்பட முயன்று பார்த்தாள். வரவில்லை. தானும் தன் படத்தை அழித்தவள்தானே.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தையல்காரி வந்தாள். சாப்பாட்டுப் பையோடு, வேலைக்குப் போகிற வழியில்.

"அண்ணன் படம் வீட்டுல ஒண்ணுகூட இல்லீங்க. அவனுக்குப் போட்டோன்னாலே ஆகாது. அந்த ஏழாம் பக்கத்துப் படத்தையே ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களா?"

கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரிண்டரைப் போட்டாள். அது சூடேறிக்கொண்டிருந்தது. தையல்காரியின் கண் மேசைமேல் இருந்த ஃபிளாஷ்களில் நின்றது.

"புதுசா?"

"ஆமா."

"எங்கண்ணன் விஷயத்துக்கு அப்புறமா?"

படக்காரம்மா தலையாட்டினாள்.

"இதுல சரியா வருதா?"

"தெரியல. எடுத்துப் பார்க்க எனக்கு ஆள் கிடைக்கல."

தையல்காரி சாப்பாட்டுப் பையை நாற்காலியில் வைத்தாள்.

"நான் படுக்கவா?"

"ஐயோ, வேணாம்மா. நீங்க போய்…"

"எங்கண்ணனும் நானும் ஒரே அச்சும்பாங்க. அதே மூக்கு, அதே நிறம். என் முகம் சரியா வந்துச்சுன்னா அவன் முகமும் வந்திருக்கும்னு தெரிஞ்சுக்கலாம்ல."

படமெடுக்கிற அறை அந்த நேரம் காலியாக இருந்தது. பச்சை டைல்ஸ், ஒற்றை டியூப் லைட், நடுவே ஸ்டீல் மேசை. தையல்காரி மேசையைப் பார்த்தாள். ஆச்சு குறுக்கே வந்து நின்றார்.

"அதுல வேணாம்," என்றார். அவர் வாயிலிருந்து ஆச்சு என்பதைத் தவிர வேறு சொல் வந்து வெகுநாளாகியிருந்தது. வெளியே போய் வராந்தாவில் கிடந்த பெஞ்சைத் தூக்கி வந்து மேசையை ஒட்டிப் போட்டார். அலமாரியிலிருந்து சலவை மடிப்புக் கலையாத விரிப்பை எடுத்து விரித்தார். தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடினாள்.

படக்காரம்மா முதலில் கேமராவில் இருந்த பழைய ஃபிளாஷிலேயே எடுத்தாள். எதிர்பார்த்தபடி வெள்ளை வெளேர். அடுத்து சின்னதை மாட்டினாள். கடைக்காரர் சொன்னது அச்சுப் பிசகவில்லை. சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் கன்னமெல்லாம் பாசி பிடித்தது போலப் பச்சை. மூன்றாவதாக நடுத்தரமானதை மாட்டி, தலையைப் பின்பக்கமாகச் சுழற்றி, கூரையைப் பார்க்க வைத்தாள். தானியங்கியில் விட்டபோது முகம் இருண்டது. அளவைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு படி ஏற்றி எடுத்தாள். இன்னும் ஒரு படி. இன்னும் ஒன்று.

அந்தப் படத்தைத் திரையில் பார்த்ததும் முக்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். வெளிச்சம் வந்த இடமே தெரியவில்லை. மேகம் மூடிய பகலில் வாசலில் நின்று பார்த்தது போல இருந்தது. கருப்பு கருப்பாகவே வந்திருந்தது. மூக்கின் பக்கத்தில் சின்ன வயது அம்மைத் தழும்பு இரண்டு. உதட்டோரத்தில் நூலைப் பல்லால் கடித்துக் கடித்துக் காய்த்துப்போன புள்ளி. அந்த முகத்தை உலகத்தில் இன்னொரு முகமென்று தவறாகப் புரட்டிப் போக முடியாது.

"எழுந்திருங்கம்மா. பாருங்க."

தையல்காரி எழுந்து உட்கார்ந்து கேமராவை வாங்கினாள். பார்த்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

"அண்ணன்," என்றாள்.

அப்புறம்தான் அழுதாள். படக்காரம்மா எத்தனையோ அழுகையைக் கேட்டவள். எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டவை. அங்கே நர்ஸ் இருப்பார், சொந்தக்காரர்கள் இருப்பார்கள். இங்கே பெஞ்சில் ஒருத்தி, எதிரே அவள். ஆச்சு எப்போதோ வெளியே போய்விட்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டித் தையல்காரியின் தோளைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த அறையில் அவள் கைக்கு அது புதிது.

அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு தையல்காரி கேட்டாள்: "கண்ணைத் திறந்துட்டு ஒண்ணு எடுங்களேன். எனக்கும் போட்டோன்னு ஒண்ணு இல்ல."

உயிரோடு இருப்பவர்களிடம் என்ன சொல்லிப் படமெடுப்பது என்று படக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. சிரிங்க என்று சொல்ல நினைத்தாள், இந்த நேரத்தில் அது சரியில்லை. பேசாமல் அழுத்தினாள். திரையைப் பார்த்தாள்.

"கண்ணைச் சிமிட்டிட்டீங்க."

பதினோரு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் சொல்ல நேர்ந்ததே இல்லை. சொன்னதும் அவளுக்கே என்னவோ போலிருந்தது. தையல்காரி இன்னொரு முறையும் சிமிட்டினாள். மூன்றாவதில் சரியாக வந்தது.

பிரிண்டர் தட்டில் மூன்று படங்கள் இருந்தன. தையல்காரி கண் திறந்ததை எடுத்துக்கொண்டாள். கண் மூடியதையும் எடுத்துக்கொண்டாள். ஏழாம் பக்கத்துப் படத்தை மேசைமேலேயே விட்டாள்.

"அது வேணாங்க. அண்ணனுக்கு இதையே மாட்டிக்கிறேன்," என்று கண் மூடிய படத்தைக் காட்டினாள். "யாருக்குத் தெரியப்போகுது?"

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். அதன் பிறகு அவள் வரவில்லை. வர வேண்டிய வேலையும் அவளுக்கு அங்கே இல்லை.

புதன்கிழமை படக்காரம்மா சின்ன ஃபிளாஷைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதே மலர்ச்சியோடு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"எங்க, குட்டிப் பாப்பாவைக் காட்டுங்க பார்ப்போம்!"

இந்த முறை பொய்யை இழுத்துக்கொண்டு போக அவளுக்குத் தெம்பில்லை. சொன்னாள். ஆஸ்பத்திரி, ஆல்பம், ஏழாம் பக்கம், தையல்காரி, எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். சொல்லும்போதே அந்த முகம் மெல்லச் சுருங்குவதைப் பார்த்தாள். சின்ன ஃபிளாஷை வாங்க நீட்டிய கை பாதியில் நின்றது.

"அங்க… அங்க வச்சா மேடம் எடுத்தீங்க?"

"அந்த ரூம்லதான். ஆனா உயிரோட இருக்கிறவங்களைத்தான் எடுத்தேன்."

"பரவாயில்ல, பரவாயில்ல. மேசை மேலயே வைங்க."

அதைத் துணியால் பிடித்து எடுத்து, கீழ்த்தட்டில் தள்ளி வைத்தார். நடுத்தரமான ஃபிளாஷுக்குப் பில் எழுதினார். வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் படி இறங்கப் போனபோது மேலிருந்து குரல் கேட்டது.

"மேடம், பேட்டரி நல்லதா பார்த்துப் போடுங்க. மட்டமானது போட்டா நடுவுல நின்னுடும். ரெண்டு செட்டு வச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் போடுங்க."

"சரிங்க சார்," என்றாள். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வாரமே, குளிர் அறையில் மிச்சமிருந்த பதினான்கு பேரையும் ஆச்சுவின் துணையோடு மறுபடி படமெடுத்தாள். ஈரம் போகத் துடைத்து, கொஞ்சம் காயவிட்டு, வெளிச்சத்தைக் கூரைக்கு அனுப்பி, நிதானமாக. ஒருவர் முடிந்து அடுத்தவருக்குப் போகும்போது, தன்னையறியாமல், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆச்சு அதைக் கேட்டும் கேட்காதது போலிருந்தார். ஆல்பத்தில் பழைய படங்களைப் பெயர்த்துவிட்டுப் புதியவற்றை ஒட்டினாள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் பதினான்கு வீட்டு மனிதர்களாகப் பிரிந்து போயிருந்தார்கள்.

பத்து நாளில் மூன்று பேருக்கு ஆள் வந்தது. முதலில் வந்தவர் ஒரு பள்ளி வாகன ஓட்டுநர். தகப்பனைத் தேடி ஏற்கெனவே இரண்டு தடவை அதே ஆல்பத்தைப் பார்த்துவிட்டுப் போனவர். மூன்றாம் தடவை நாலாம் பக்கத்தில் விரலை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் தண்ணீர் கொண்டு வந்தார். அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். படத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்தாரே தவிரப் படத்தை யார் பார்த்தது? தன் அறையில் இருந்த படக்காரம்மா பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே முதல் முறையாக ஒரு பெயரை எழுதினாள். எழுத்து கோணாமல் இருக்க நிறுத்தி நிறுத்தி எழுதினாள். மற்ற பதினொரு பேருக்கு யாரும் வரவில்லை. கெடு முடிந்தவர்களை நகராட்சி வண்டி கொண்டு போனது. நல்ல வெளிச்சம் இருந்தால் மட்டும் போதாது, தேடுவதற்கு ஒருவர் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா?

ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள். "சாப்பிட வாக்கா," என்றாள். கொஞ்சம் இழுத்து, "அதை மட்டும் கொண்டு வராத, சரியா?" என்றாள்.

வெறுங்கையோடு போனாள். குழந்தை மடியில் வந்து ஏறிக்கொண்டது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தங்கையின் வீட்டுக்காரர், அன்றைக்குச் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்ததற்கு ஈடாகவோ என்னவோ, வலியப் பேச்சுக் கொடுத்தார்.

"அப்புறம்க்கா, ஆபீஸ்ல எப்படிப் போகுது?"

"நல்லா போகுது. பத்து நாள்ல மூணு பேருக்கு ஆள் வந்தாங்க."

சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வந்துவிட்டது. அவளே அதைக் கவனித்தாள்.

"யாருக்கு ஆள் வந்தாங்க பெரியம்மா?" என்றது குழந்தை.

"சாப்பிடறப்ப பேசக் கூடாது," என்றாள் தங்கை. அக்காவின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். போதும் போதும் என்று கையை நீட்டித் தடுத்தாள் படக்காரம்மா. தங்கை கேட்கவில்லை, இன்னும் ஒன்று போட்டாள். படக்காரம்மா குனிந்து அவ்வளவையும் சாப்பிட்டு முடித்தாள். மாலையில் கடைசி வெயில் இருக்கும்போதே கிளம்பினாள். மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் வேலைக்குப் போக வேண்டும்.